செருப்பு விடும் இடம்

பீடத்துக்குக் கீழே ஒரு குழி இருந்தது. குழிக்குள் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத் திருடிவிட்டாள் என்று கோயில் கூட்டும் மணியக்காவைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

பிடித்து வைத்திருந்தார்கள் என்றால் கட்டிப் போடவில்லை. சாயங்காலம் கமிட்டி கூடும்வரை எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே கோயிலையும் துடைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் தேவாலயத்தின் இருநூறாவது ஆண்டு ஆராதனை. ஒருத்தியைத் திருடி என்று சொல்லலாம். அதற்காகத் தரை அழுக்காகக் கிடக்க முடியுமா?

ஊசி குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி என்பது ஊர் வைத்த பெயர், அவள் கேள்வி கேட்டால் குத்தும் என்பதால். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து ‘துப்பறியும் அலுவலகம்’ என்று பலகை மாட்டியபோது, “படிச்ச படிப்புக்கு இதுதானா கிடைச்சுது?” என்று கேட்காத உறவினர் ஒரே ஒருவர்தான். அம்மாவின் தம்பி. முன்னாள் பஸ் கண்டக்டர், இந்நாள் உதவியாளர். அவர் கேட்காததற்குக் காரணம், அப்போது அவருக்கும் வேலை இல்லை.

அந்த மாமா பீடத்தின் பின்னால் தொங்கிய திரையை விலக்கி, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய இரும்பில் தன் தோள்பையை மாட்டினார்.

“பார்த்தியாம்மா, பை மாட்டக்கூட வசதி பண்ணி வச்சிருக்காங்க. நம்ம ஆபீஸ்ல மாட்டுறதுக்கு நீயும் நானும்தான் இருக்கோம்.”

“மாமா, வாயை மூடிட்டு டார்ச்சை அடிங்க.”

அவளை வரவழைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற போதகர் இளைஞர். போன மாதம்தான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தவர். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வேதப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் என்னால வந்த வினைதான்மா. இந்தக் கோயிலுக்கு முதல் கல்லு வச்சது நம்ம செயலாளரோட முன்னோர். பெரிய வீட்டுக்காரங்க. வெள்ளியிலே கொத்தனார் கரண்டி செஞ்சு, அதால சாந்து பூசி வச்சாராம். அந்தக் கரண்டியை ஈயப் பெட்டியில வச்சுப் பீடத்துக்கு அடியில புதைச்சாங்கன்னு சபை வரலாறு. இருநூறாவது வருஷத்துல அதை எடுத்து எல்லாருக்கும் காட்டலாமேன்னு நான்தான் சொன்னேன்.”

“செயலாளர் என்ன சொன்னாரு?”

“முதல்ல வேண்டவே வேண்டாம்னு குதிச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு, சரி தோண்டலாம்னு அவரே வந்து நின்னு இடம் காட்டினாரு.”

“இன்னிக்குக் காலையில தோண்டினீங்க. பெட்டி இல்லை. உடனே?”

“உடனே அவரு பீடத்து ஓரமா இருந்த புது சிமெண்டைக் காட்டினாரு. சாவி ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. ஒண்ணு அவருகிட்ட, இன்னொண்ணு மணியக்காகிட்ட. அதோட முடிஞ்சு போச்சு. நாளைக்கு ஆராதனை முடியட்டும், போலீஸ்ல கொடுத்துடலாம், இன்னிக்கு ராத்திரிக்குள்ள ரூமைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாரு.”

ரூம் என்பது மணிக்கூண்டின் அடியில் இருந்த ஒற்றை அறை. அதில்தான் மணியக்காவும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் மகளும் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் புத்தகங்கள் ஏற்கெனவே வெளியே படிக்கட்டில் அடுக்கப்பட்டிருந்ததை ஊசி வரும்போதே பார்த்திருந்தாள். அப்போதிலிருந்தே அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அந்தப் புது சிமெண்டை அவள் விரலால் அளந்தாள். உள்ளங்கை அகலம்.

“இது என்னக்கா?”

பெஞ்சுகளுக்கு நடுவில் துடைத்துக்கொண்டிருந்த மணியக்கா தலை நிமிரவில்லை. “எலிப் பொந்து. அடைச்சேன். அடைக்காம விட்டிருந்தா எலியாவது சாட்சி சொல்லியிருக்கும்.”

“பெட்டி எவ்வளவு பெருசு ஐயா?”

போதகர் கையை விரித்துக் காட்டினார். “தையல் மிஷின் மூடி அளவு இருக்கும்னு சொல்றாங்க.”

“அதை இந்த எலிப் பொந்து வழியா எடுத்திருந்தா மணியக்கா திருடி இல்லை, மந்திரவாதி. அவங்களைப் போலீஸ்ல கொடுக்கக் கூடாது, டிக்கெட் போட்டு மேடை ஏத்தணும்.” ஊசி வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். “கொத்தனாரே! தோண்டும்போது மண்ணு எப்படி இருந்துச்சு?”

வெளியே நிழலில் படுத்திருந்த கொத்தனார் படுத்தபடியே பதில் சொன்னார். “மண்ணா அது? பாறை. என் கடப்பாரைக்கே பல்லு போச்சு.”

மாமா குழிக்குள் டார்ச்சை ஆட்டினார். அடிமண் தட்டையாக, கெட்டியாக இருந்தது. “பஸ்ல பார்க்காததா? சீட்டுல ஒரு பள்ளம்கூட விழலைன்னா, அதுல இருந்து யாரும் எந்திரிச்சுப் போகலைன்னு அர்த்தம். யாரும் உட்காரவே இல்லை.”

“அப்ப பெட்டியே கிடையாதா?” போதகரின் முகம் இன்னும் வாடியது.

“இருக்கலாம். இங்கே இருந்ததில்லை.” ஊசி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “ஆனா இதைக் கமிட்டியில சொன்னா, ‘படிச்ச திமிரு’ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. பெட்டியைக் கையில கொடுத்தாத்தான் அந்தப் பொண்ணோட புத்தகம் திரும்ப உள்ள போகும்.”

எழுந்து நின்றபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். எதிரே, வெகு தூரத்தில், வாசலுக்கு மேலே ஒரு பெரிய வட்டக் கண்ணாடி. காலை வெயில் அதன் வழியே இறங்கி, பெஞ்சுகளின் முதுகில் சிவப்பும் நீலமுமாகக் கொட்டிக் கிடந்தது.

“ஐயா, ஆராதனை அப்போ ஜனங்க எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாங்க?”

“இந்தப் பக்கம்தான். பீடத்தைப் பார்த்து.”

“அப்ப அந்தக் கண்ணாடி யாருக்கு?”

போதகர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “எனக்குத் தெரியும். பிரசங்கம் பண்ணும்போது பார்த்துப்பேன்.”

“டிரைவருக்கு மட்டும் தெரியுற மாதிரி படம் ஒட்டியிருக்காங்க,” என்றார் மாமா. “பாசெஞ்சருக்கு முதுகு வேர்த்ததுதான் மிச்சம்.”

ஊசி சிரிக்கவில்லை. நடுப்பாதையில் வாசலை நோக்கி மெதுவாக நடந்தாள். மணியக்கா இப்போது வாசலுக்கு உள்பக்கம், எல்லாரும் செருப்பு விடும் கல் தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிவதும் தேய்ப்பதும் முனகுவதுமாக இருந்தாள்.

“என்னக்கா திட்டுறீங்க?”

“இந்தக் கல்லைத்தான். கோயில் முழுக்கத் துடைச்சா ஒரு நிமிஷத்துல காயும். இந்த ஒரு வரிசை மட்டும் தண்ணியைக் குடிச்சிட்டு உட்கார்ந்துக்கும். பாரு.”

ஊசி பார்த்தாள். தேய்ந்த கற்களில் தண்ணீர் தேங்கி நின்றது. சிறு சிறு குட்டைகள். தாறுமாறாக அல்ல, இரண்டு இரண்டாக. ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை ஒரே நேர்கோட்டில்.

அவள் அந்த ஈரத்திலேயே மண்டியிட்டாள். இரண்டு முழங்கால்களும் இரண்டு பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. தலையை உயர்த்தினாள். எதிரே வாசல். அதற்கு மேலே வட்டக் கண்ணாடி, நேராக முகத்தில் சிவப்பு வெளிச்சம்.

மாமா ஓடி வந்தார். “என்னம்மா திடீர்னு பக்தி? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேட்பா!”

“மாமா, உங்க பையை எதுல மாட்டினீங்க?”

“ஆணியில.”

“போய் நல்லாப் பாருங்க.”

மாமா போனார். திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது. “ஆணி இல்லை. கதவு கீல் மாதிரி இருக்கு. மேலேயும் ஒண்ணு இருக்கு, கீழேயும் ஒண்ணு இருக்கு.” சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம். “ஏம்மா, சுவத்துக்கு எதுக்குக் கீல்?”

ஊசி முதல் முறையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. பிறகு மணியக்காவிடம் திரும்பினாள்.

“அக்கா, செயலாளர் எங்க செருப்பு விடுவாரு?”

“அவரா? பக்கவாட்டு வாசல்ல. அவங்க குடும்பமே அப்படித்தான். அவரு அப்பாவும் அப்படித்தான், அவரு பேரனும் அப்படித்தான். இந்தப் பக்கம் காலே வைக்க மாட்டாங்க. நம்ம செருப்பு கிடக்கிற இடம் இல்லையா, அவங்களுக்கு ஆகாது.”

“அப்படின்னு அவங்க சொன்னாங்களா?”

“சொல்லணுமா? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா?”

“நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்,” என்றாள் ஊசி. “மாமா! பக்கவாட்டு வாசலுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுடுங்க. கமிட்டி வர்றதுக்குள்ள இந்த இடத்துல ஒரு செருப்புகூட இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வெளிப் படிக்கட்டுல அடுக்குங்க. தரை நல்லாக் காயணும். கொத்தனாரைப் போக விடாதீங்க.”

“காரணம் கேட்கலாமா?”

“கேட்கலாம். சொல்ல மாட்டேன்.”

“ரைட்,” என்றார் மாமா. கண்டக்டராக இருந்தபோதும் அவர் காரணம் கேட்டு விசில் ஊதியதில்லை.

*

சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முன்பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சு மட்டும் காலி. அதன் பக்கவாட்டில் கொடி கொடியாகச் செதுக்கல் வேலை. பக்கத்துச் சுவரில் பளபளவென்று ஒரு பளிங்குக் கல்: இந்தக் கோயிலைத் தந்த குடும்பம். பெரிய வீட்டுப் பெஞ்சு. மணியக்கா கடைசித் தூணோடு தூணாக நின்றாள்.

பக்கவாட்டு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பிறகு ஆட்டினார்கள். பிறகு உதைத்தார்கள்.

“தாழ்ப்பாள் மக்கர் பண்ணுது சார்!” மாமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “முன் வாசல் வழியா வாங்க!”

செயலாளர் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, நல்ல தொந்தி, அதற்குமேல் நல்ல கோபம். காலணியை வெளியிலேயே கழற்றினார். வாசற்படியில் நின்று, துடைத்துக் காய்ந்து காலியாகக் கிடந்த கல் தளத்தைப் பார்த்தார். இடதும் வலதும் பார்த்தார். சுவரோரமாக வழி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

பிறகு அந்தப் பெரிய மனிதர் கதவு நிலையை ஒரு கையால் பிடித்து, மூச்சை இழுத்து, ஒரே தாவலாகத் தாவினார். பாண்டி ஆடும் சிறுமியைப் போல ஒற்றைக் காலில் வந்து இறங்கி, தள்ளாடி, கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கமிட்டியில் யாருக்கோ இருமல் வந்தது. சிரிப்பை அப்படித்தான் மறைக்க முடியும்.

“ஏன் சார் தாண்டினீங்க?” ஊசி கேட்டாள்.

“நீ யாரு? ஈரமா இருந்துச்சு, தாண்டினேன்.”

“ஈரம் காஞ்சு ரொம்ப நேரமாச்சு.”

“எங்க வீட்டுப் பழக்கம். கண்டவங்க செருப்பு கிடக்கிற இடத்தை நாங்க மிதிக்கிறதில்லை.”

“ஒரு செருப்புகூட இல்லையே சார். சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. இல்லாத செருப்பையா தாண்டினீங்க?”

செயலாளர் போதகரைப் பார்த்தார். “யாரு ஐயா இது? திருடியைப் பத்திப் பேசத்தானே கூட்டம்?”

ஊசி மாமாவைப் பார்த்துத் தலையாட்டினாள். மாமா வெளியே போனார். மழைச் சேறு அப்பிய தன் ரப்பர் செருப்பை எடுத்து வந்தார். ஊசி மண்டியிட்டிருந்த அதே இடத்துக்கு நேர் முன்னால், கல் தளத்தின் நட்டநடுவில் அதைச் சொத்தென்று போட்டார். அதில் காலை நுழைத்து, சேற்றைக் கல்லில் இப்படியும் அப்படியுமாகத் தேய்க்கத் தொடங்கினார்.

“டேய்!” செயலாளரின் குரல் கூரையில் முட்டித் திரும்பியது. “எடுடா செருப்பை! அது பீடம்டா! பீடம் இருந்த இடம்டா அது!”

மாமா காலைத் தூக்கியபடியே நின்றார்.

அதன் பிறகு கோயிலில் வந்த ஒரே சத்தம், மணியக்காவின் கையிலிருந்து வாளி தரையில் உட்கார்ந்த சத்தம்.

“நன்றி சார்,” என்றாள் ஊசி. “இதை நிரூபிக்க நான் கண்ணாடி, முழங்கால் பள்ளம், கதவு கீல்னு மூணு சாட்சி தயார் பண்ணி வச்சிருந்தேன். நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க.”

போதகர் வாசலைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். “அப்ப... கோயில் திரும்பியிருக்கா?”

“கோயில் அப்படியேதான் இருக்கு ஐயா. பீடத்தைத்தான் திருப்பியிருக்காங்க. முன்னாடி அது இங்க, வட்டக் கண்ணாடிக்குக் கீழே இருந்துச்சு. ஜனங்க இந்தக் கல்லுலதான் வரிசையா மண்டியிட்டு நற்கருணை அப்பம் வாங்கியிருக்காங்க. பீடம் இப்ப இருக்கிற பக்கம்தான் அப்ப வாசல். அப்புறம் அதை அடைச்சு இங்க வாசல் வச்சாங்க, கீலைப் பிடுங்க மறந்துட்டாங்க. ஏன் திருப்பினாங்கன்னு எனக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும்.”

“எதுக்குத் திருப்பினாங்களா?” செயலாளர் இன்னும் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதானம் அவரை விட்டுப் போயிருந்தது. “எங்க கொள்ளுத்தாத்தாவை அவமானப்படுத்தத்தான்! ‘பெரிய வீடு மட்டும் ஏன் முன்னால உட்காரணும்’னு கடைசி பெஞ்சுக்காரனுங்க சண்டை போட்டானுங்க. அன்னிக்கு இருந்த போதகர் எங்க பெஞ்சை எடுக்கல, அவங்களைச் சமாதானமும் பண்ணல. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா பீடம் அந்தக் கடைசியில நிக்குது! பெஞ்சு எல்லாத்தையும் இருந்த இடத்துலயே திருப்பிப் போட்டுட்டாரு. எங்க கொள்ளுத்தாத்தா வாசலோரம்! கூலிக்காரன் எல்லாம் முன்வரிசை!”

மாமாவால் அடக்க முடியவில்லை. “பஸ்ஸை ரிவர்ஸ்ல எடுத்திருக்காரு! மகா கெட்டிக்காரர்!”

கமிட்டியில் மறுபடியும் இருமல். இந்த முறை நிறையப் பேருக்கு.

“அப்புறம் எப்படி சார் இப்போ மறுபடியும் முன்னால இருக்கீங்க?” ஊசி கேட்டாள்.

அதற்கு அவருடைய பதில் தேவைப்படவில்லை. பீடத்தைத் திருப்ப ஒரு நாள் போதும். பெரிய வீடு பெஞ்சு பெஞ்சாக முன்னேறி வந்துவிடும். மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். அதைச் சபை வரலாற்றில் யார் எழுதுவார்? எழுதுகிறவர் எப்போதும் முதல் பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறார். கோபத்தை மட்டும் அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

“ஆக, பழைய பீடம் எங்கே இருந்துச்சுன்னு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே குடும்பம் உங்க குடும்பம். இருந்தும் ஐயாவை அந்தப் பக்கம் தோண்டச் சொன்னீங்க. பெட்டி வராதுன்னு தெரியும். வராதப்போ மாட்டிவிட ஒரு ஆள் வேணும்னும் தெரியும்.” ஊசி ஓர் அடி முன்னால் வந்தாள். “பீடம் இருந்த கல்லைக்கூட மிதிக்க மாட்டீங்க. அதைத் தினம் துடைக்கிற பொம்பளையை மட்டும் மிதிப்பீங்க. அப்படித்தானே?”

“ஆனா ஏன்?” போதகருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “உங்க முன்னோரோட வெள்ளிக் கரண்டி! வெளியே வந்தா உங்களுக்குத்தானே பெருமை?”

“எனக்கும் அதுதான் புரியலை,” என்றாள் ஊசி. “கொத்தனாரே, கடப்பாரையை எடுங்க.”

“மறுபடியுமா?” என்றார் கொத்தனார். ஆனால் எடுத்தார்.

இந்த முறை கடப்பாரைக்குப் பல் போகவில்லை. கல்லைப் பெயர்த்ததும் பொதபொதவென்று இருந்தது மண். முழங்கையளவுகூடப் போகவில்லை, ‘ணங்’ என்றது. ஈயப் பெட்டி. தையல் மிஷின் மூடி அளவேதான்.

போதகர் மூடியை நெம்பித் திறந்தபோது எல்லாரும் கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் பார்த்தார்கள். ஊசி மட்டும் செயலாளரைப் பார்த்தாள். அவர் ஒருவர்தான் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டுத்துணியின் மிச்சத்துக்குள் இருந்தது கரண்டி. போதகர் அதை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். நுனியில் கொஞ்சம் வெள்ளி மினுமினுத்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“என்ன இது?” என்றார் கமிட்டியில் ஒருவர்.

“துரு,” என்றார் கொத்தனார். “என் கரண்டியும் இப்படித்தான் இருக்கும்.”

மாமா கரண்டியின் அருகே குனிந்து, கண்டக்டர் கள்ள நோட்டைப் பார்க்கும் கண்ணால் பார்த்தார். “வெள்ளி கறுக்கும். வெள்ளி துருப்பிடிச்சு நான் பார்த்ததே இல்லை. இரும்புக்கு வெள்ளி முலாம் பூசியிருக்காங்க. கடவுள்கிட்டயே செல்லாத டிக்கெட்டைக் கொடுத்திருக்காங்கப்பா!”

இந்த முறை யாருக்கும் இருமல் வரவில்லை. நேராகவே சிரித்தார்கள். சுவரில் பளிங்குக் கல் மட்டும் பளபளவென்று சிரிக்காமல் இருந்தது.

போதகர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மணியக்காவிடம் போனார். “அக்கா, சபை சார்பா நான்...”

“இருங்க ஐயா.” மணியக்கா அவரைத் தாண்டி செயலாளருக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் மன்னிப்பு என்ற சொல்லுக்காக வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அதெல்லாம் நீங்களே வச்சுக்கங்க. என் பொண்ணோட புத்தகத்தை வெளியே வச்சது யாரு?”

“நான்... ஆளை விட்டு...”

“உள்ளே நீங்க வைக்கணும். ஆளை விடாம. எந்தப் புத்தகம் எங்க இருந்துச்சுன்னு அவ சொல்லுவா. அப்புறம் நாளையில இருந்து இந்த வாசல்லதான் வரணும். எல்லாரும் விடுற இடத்துல செருப்பை விடணும்.” அவள் வாளியைத் தூக்கினாள். “கூட்டுறவ நான்தான். யாரு செருப்பு எதுன்னு எனக்குத் தெரியும்.”

போதகருக்கு இன்னொரு கவலை மிச்சமிருந்தது. ஊசியை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில் கேட்டார். “நாளைக்கு ஆராதனை. இப்போ பீடத்தை எந்தப் பக்கம் வைக்கிறது?”

மாமா திரைக்குப் பின்னாலிருந்து தன் பையைக் கழற்றிக்கொண்டு வந்தார். “இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் ஐயா. அடிக்கடி திருப்பினா கடவுளுக்கே தலை சுத்தும். முதல் பெஞ்சை மட்டும் தூக்கிக் கடைசியில போடுங்க. வெக்கத்துல பெரிய வீட்டுல சில பேரு வர மாட்டாங்க, அதுல கொஞ்சம் இடம் காலியாகப் போகுது.”

வெளியே படிக்கட்டில், வெள்ளைச் சட்டையில் ஒரு பெரிய மனிதர் கை நிறையப் புத்தகங்களோடு நின்றுகொண்டிருந்தார். மணிக்கூண்டு அறையின் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது:

“அது இல்லை சார். அந்தத் தடி புத்தகம் அடியில. மறுபடியும் முதல்ல இருந்து வைங்க.”